ஃபாதர் போட்ட பட்டியலில் என் பெயர்

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் கோயில் பங்கு மக்களுக்கென்று ஒரு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களின் சேமிப்பை வாங்கி உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் சங்கம். கூட்டுறவுச் சட்டப்படி பதிவானது. ஏறக்குறைய 600 உறுப்பினர்கள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், மீன் விற்கும் பெண்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் உண்டு. 2013லும் 2018லும் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க இங்கே ஓட்டுப்பெட்டியே வைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை பெயர்களை வாசிப்பார், நாங்கள் கைதட்டுவோம், அந்தப் பேர் மட்டும் மனு கொடுப்பார்கள், போட்டியின்றி முடிந்துவிடும். அடுத்த தேர்தல் அறிவிப்பு எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும் என்று இப்போதே பட்டியல் போட்டுவிட்டார்கள். நான் கேட்காமலே என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில், ஒரு அக்கா நிற்க ஆசைப்பட்டார். "தேர்தல் வந்தால் கோயில் இரண்டாகும்" என்று சொல்லி அவரைப் பின்வாங்க வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு சரியில்லை. ஃபாதர் பேச்சை எப்படித் தட்டுவது? போட்டி வந்து தோற்றுவிட்டால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? என் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது, அவர் பெயர் இன்னும் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், ராயபுரம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

வேட்புமனுவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. சங்கத்தின் கணக்கை நீங்கள் ஒரு முறைகூடப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. மரியாதைக்காகக் கொடுக்கிற பதவி என்று நினைத்துத்தான் பலர் அந்தக் கையெழுத்தைப் போடுகிறார்கள். அது மரியாதை மட்டும் இல்லை, பொறுப்பு. அந்தப் பொறுப்பு உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வரும்.

கூட்டுறவுத் தணிக்கையில் நான் வேலை பார்த்த வருடங்களில் ஒரு சங்கத்துக்குப் போனேன். ஏழு இயக்குநர்களும் போட்டியின்றி வந்தவர்கள். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் ஆறு மாதக் கூட்டங்களுக்கும் ஒரே பேனா, ஒரே மை. செயலாளர் மொத்தமாக எழுதிக் கொண்டுவருவார், இவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஜாமீன் இல்லாமல் போன கடன்கள், ஒரே குடும்பத்துக்கு நான்கு பெயரில் போன கடன்கள் எல்லாம் அந்தக் கையெழுத்துகளுக்கு அடியில் இருந்தன. ஏழு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒரு ரூபாய் எடுத்தவர் இல்லை. "பெரியவங்க இருந்தா சங்கத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க சார், சரின்னேன்" என்றார். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இல் 87ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துறையில் அதைத் தண்டத்தீர்வை என்பார்கள். சங்கத்துக்கு நட்டம் வர யாருடைய செயலோ அலட்சியமோ காரணமோ, அவர்களிடமிருந்தே அந்தத் தொகையை வசூலிக்கும் பிரிவு. ஆசிரியருக்கும் நோட்டீஸ் போனது. தன் பங்குக்கு வந்ததை ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்டினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான் அவர் செய்த தப்பு. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது கைதட்டல்.

போட்டியின்றித் தேர்வு சட்டத்துக்கு விரோதமானது இல்லை. எத்தனை இடமோ அத்தனை மனு மட்டும் வந்தால் தேர்தல் அதிகாரி அவர்களையே அறிவித்துவிடுவார். உண்மையிலேயே வேறு யாரும் முன்வரவில்லை என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் முன்வந்து, அவரைப் பேசி உட்காரவைத்த பிறகு கிடைக்கும் அமைதியை ஒற்றுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அக்காவுக்கு ஓட்டுப் போட நினைத்திருந்த ஐம்பது பேரோ நூறு பேரோ, அவர்கள் வாயையும் சேர்த்து அடைத்தாகிவிட்டது.

கடன் சங்கத்தில் ரகசிய ஓட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். எம்.எல்.ஏ. தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர் வேட்பாளரிடம் கடன்பட்டவர் இல்லை. உங்கள் சங்கத்தில் அப்படி இல்லை. இன்று கைதூக்குகிற அம்மா நாளைக்குப் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்குக் கடன் மனு கொண்டுவந்து வைக்க வேண்டியது இதே இயக்குநர்களின் மேஜையில்தான். இரண்டு தவணை நின்றுபோனவர் அவகாசம் கேட்க வேண்டியதும் இவர்களிடம்தான். அப்படிப்பட்டவர் நாலு பேர் பார்க்க, அதுவும் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கைதட்டாமல் இருக்க முடியுமா? கடன் வாங்கியவரும் பயமில்லாமல் ஓட்டுப் போடுவதற்காகத்தான் மடித்த சீட்டும் மறைப்பும் பெட்டியும் இருக்கின்றன. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று கூட்டுறவில் வைத்ததும் இதற்காகத்தான். மனைவிக்குப் பதிலாகக் கணவர் போய்ப் போடவும் முடியாது.

இன்னொன்றையும் உறுப்பினர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வைப்புதாரருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020இலிருந்து அந்தத் தொகை. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். உங்களுடையதைப் போன்ற சிக்கன நாணயச் சங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் வைப்புத்தொகைக்குப் பாதுகாப்பு, மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இயக்குநர்களின் கவனம்தான். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பூசை முடிந்து டீ குடிக்கப் போகிற அவசரத்தில் முடித்துவிடலாமா?

இப்போது பங்குத்தந்தை விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சண்டை வராமல் இருக்க வேண்டும் என்ற அக்கறைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆனால் அவருக்கே இது நல்லதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு வயதான குருவானவர்தான் எனக்கு ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 285ஆவது சட்டம், நான்காம் பிரிவு. பொதுநிலையினருக்குச் சொந்தமான சொத்துகளை நிர்வகிப்பதையோ, கணக்குக் காட்ட வேண்டிய உலகப் பொறுப்புகளையோ, தம் மேலதிகாரியான ஆயரின் அனுமதி இல்லாமல் குருக்கள் ஏற்கக் கூடாது என்கிறது அது. ஆயரைக் கலந்துகொள்ளாமல் ஜாமீன் நிற்கவும் கூடாதாம். அந்தத் தொகுப்பு வெளியானதும் 1983இல்தான், நம் மாநிலச் சட்டத்தின் அதே வருடம். உங்கள் ஃபாதர் பட்டியலில் தம் பெயரைப் போடவில்லை, வாசித்தார் அவ்வளவுதான் என்று நீங்கள் சொல்லலாம். சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அவர் வாசித்த பட்டியலில் இருக்கும் ஒருவர் பணத்தில் கைவைத்தால், மக்கள் முதலில் திட்டுவது பட்டியலை வாசித்தவரைத்தான். சங்கத்தில் போன பணத்துக்காகக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கோயில் இரண்டாகும் என்று பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

தேர்தல் என்றால் கோயிலுக்கு ஆகாத ஒன்று என்ற பேச்சையும் ஏற்காதீர்கள். ஆதித் திருச்சபையில் அன்றாடப் பங்கீட்டில் எங்கள் கைம்பெண்களை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பிரிவினரிடம் முறுமுறுப்பு எழுந்தது. அப்போது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? பெயரை அவர்கள் வாசிக்கவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று சீடர்களின் கூட்டத்திடம் விட்டுவிட்டு, தாங்கள் ஜெபத்துக்கும் போதனைக்கும் போனார்கள். பங்கீட்டுப் பிரச்சினைக்கு அன்று கிடைத்த தீர்வே மக்கள் தேர்வுதான்.

கடன் சங்கங்களின் கதையும் கோயிலோடு சேர்ந்ததுதான். 1890களில் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் சங்கங்களைப் பார்த்துவர அனுப்பியது. 1895லும் 1897லும் அவர் கொடுத்த அறிக்கைகளில் மிகவும் வியந்து சொன்னது ஜெர்மனியின் ரைஃபைசன் என்ற மனிதரின் வழியை. பக்தியுள்ள கிறிஸ்தவர், சிற்றூர்களின் மேயராக இருந்தவர். பணக்காரர்களின் தர்மத்தை நம்பி ஆரம்பித்து, அது நிலைக்காது என்று கண்டு, 1864இல் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராகிச் சேர்ந்து பொறுப்பேற்கும் சங்கத்துக்கு மாறினார். 1904இல் வந்த இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டத்துக்குப் பின்னால் அந்த அறிக்கைகளும் உண்டு. கனடாவின் கிழக்குக் கரையில் மோசஸ் கோடி என்ற குருவானவர் 1928 முதல் மீனவர்களைச் சின்னச் சின்னப் படிப்பு வட்டங்களாக உட்காரவைத்துக் கணக்கும் கூட்டுறவும் கற்றுக்கொள்ள வைத்தார். சங்கத்தை நடத்தியவர்கள் அந்த மீனவர்கள்தான். உங்கள் ஃபாதருக்கு அவர் கதையைச் சொல்லுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பங்கு நடத்துகிறவருக்கு அது பிடிக்கும்.

சரி, செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம்.

பதிவான சங்கங்களுக்கு ஓட்டு நடத்துவது மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்தல் ஆணையம். தேதி அவர்கள் கையில். ஆனால் வாக்காளர் பட்டியல் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டிலிருந்துதான் போகும், அதைச் சரிபார்க்க அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதியில் அந்தப் பதிவேடு எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூருக்குப் போனவர்கள் இருப்பார்கள். குடியிருப்பை இடித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் பங்குத்தொகை இன்னும் சங்கத்தில் இருக்கிறதா, துணைவிதியில் சொல்லியிருக்கும் செயல் எல்லைக்கு வெளியே போனதால் உறுப்பினர் தகுதிக்கு ஏதாவது சிக்கல் உண்டா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். தேர்தல் நாளில் வாசலில் நின்று "உன் பேர் இல்லை" என்று சொல்வதுபோல ஒருவரை அவமானப்படுத்தும் வேலை வேறு இல்லை.

தவணை பாக்கி இன்னொரு கண்ணி. தவணை தவறியவர் இயக்குநராக நிற்க முடியாது. விசைப்படகில் போகிற குடும்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது, பாக்கி விழுவது சகஜம். அந்த அக்கா வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே கட்டி, ரசீது வாங்கி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பரிசீலனை நாளில் ஒரு பழைய பாக்கியைத் தூக்கிப் போட்டு மனுவைத் தள்ளுவது நான் பலமுறை பார்த்த வித்தை. அதே தடைக்காலத்தில் ஒரு நல்லதும் உண்டு. ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். தேர்தல் தேதி உங்கள் கையில் இல்லாவிட்டாலும், உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவைக் கூட்டத் தேதி சங்கத்தின் கையில்தான். படகுகள் ஆழ்கடலில் இருக்கும் வாரத்தில் அதை வைக்காதீர்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

இடஒதுக்கீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. நிர்வாகக்குழுவில் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் உண்டு. அதை யாராவது ஒரு இயக்குநரின் மனைவி பெயரால் நிரப்பும் பழக்கமும் உண்டு. அந்த அக்கா நிற்க ஆசைப்படும்போது அப்படி நிரப்புவது பெரிய அநியாயம். பட்டியல் இனத்தவருக்கும் இடம் உண்டு. இங்கேதான் கோயில் சங்கங்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் இனத் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் தலித் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் பங்கிலும் அந்த இடத்துக்கு மனு போடத் தகுதியுள்ளவர் யாரும் இல்லாமல் போகலாம். யாரையாவது வேறு சான்றிதழோடு கொண்டுவந்து நிறுத்தும் யோசனை வந்தால் உடனே தடுத்துவிடுங்கள், அது பிறகு அவருக்கே வம்பாகும். ஆனால் ஒதுக்கிய இடம் கிடைக்கவில்லை என்பதால் அந்தக் குடும்பங்கள் குழுவிலேயே இல்லாமல் போகக் கூடாது. பொது இடங்களுக்கு அவர்களில் யார் பெயரையாவது இதுவரை பட்டியலில் வாசித்திருக்கிறார்களா என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி வைத்தால் ஒருவேளை அந்தக் கேள்விக்கும் பதில் வரும்.

நீங்கள் நிற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், ஒரு சனிக்கிழமை சங்க அலுவலகத்துக்குப் போய்க் கடைசித் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எவ்வளவு கடன் வெளியே இருக்கிறது, அதில் தவணை தவறியது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இயக்குநர்கள் பெயரிலும் அவர்கள் நெருங்கிய உறவினர் பெயரிலும் இருக்கும் கடன் எவ்வளவு என்று அடுத்துக் கேளுங்கள். தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய குறைகளுக்குச் சங்கம் என்ன பதில் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வருடா வருடம் ஒரே குறை ஒரே வார்த்தையில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தில் விரலை வையுங்கள். "உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்று சொல்லி அறிக்கையைத் தரவே மறுத்தார்கள் என்றால், அந்தக் குழுவில் கேள்வி கேட்க யாரும் இல்லை என்று அர்த்தம். கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

அப்புறம் ஃபாதரைப் பாருங்கள். பூசை முடிந்து கூட்டம் சுற்றி நிற்கும்போது வேண்டாம். வாரநாளில், மாலையில், தனியாக. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஃபாதர், என்னை நம்பி என் பேரைப் போட்டீங்க, அது எனக்குப் பெருமை. ஆனா பணம் சம்பந்தப்பட்ட பொறுப்பு. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினா எனக்குத் தைரியமா இருக்கும். அந்த அக்காவும் நிக்கட்டும், நானும் நிக்கிறேன். நீங்க யார் பேரையும் வாசிக்க வேணாம். தேதியை மட்டும் அறிவிச்சு, எல்லாரும் வந்து ஓட்டுப் போடுங்கன்னு சொல்லுங்க. உங்க பேருக்கும் அதுதான் நல்லது." இதில் அவர் பேச்சைத் தட்டியது எங்கே இருக்கிறது? அவர் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைக்கிறீர்கள். அவர் கோபப்பட்டாலும் குரலை உயர்த்தாதீர்கள், யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். வேட்பாளர்கள் எல்லாரும் பங்கு மண்டபத்தில் ஒரே மேடையில் உட்கார்ந்து உறுப்பினர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு மாலைக்கு அவர் இடம் கொடுத்தால், அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அந்த அக்காவிடமும் நீங்களே போய்ப் பேசுங்கள். அவரைப் பின்வாங்க வைத்தது உங்கள் பெயர் இருக்கும் பட்டியல்தான். அவர் மனுவை நீங்களே முன்மொழிந்தால் அந்த வருத்தம் பாதி தீரும்.

தோற்றால் எந்த முகத்தோடு போவது என்று கேட்டிருந்தீர்கள். இதே முகத்தோடு, வழக்கமாக உட்காரும் இடத்துக்கே போங்கள். முறைகேடு நடந்தது என்று நம்பினால் கூட்டுறவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் கூட்டுறவுப் பதிவாளரிடம் போக வழி இருக்கிறது. முறையாக நடந்திருந்தால் ஜெயித்தவர் கையைப் பிடித்து வாழ்த்துங்கள். தணிக்கை அறிக்கையைப் படித்த ஒரு உறுப்பினர் கீழே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தாலே மேஜையில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தில் தவணை தவறிய கடன் பற்றி முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அதற்குப் பதவி தேவையில்லை.

கடைசியாக உங்கள் அப்பா. இறந்தவர் பெயர் பட்டியலில் இருந்தால் அந்த ஓட்டை வேறு யாரோ போட்டுவிடும் ஆபத்து உண்டு. அதோடு அவருடைய பங்குத்தொகையும் சிக்கன வைப்பும் உங்கள் அம்மாவுக்கோ, அவர் நியமித்த வாரிசுதாரருக்கோ வந்திருக்க வேண்டும். ஆறு வருடமாக அது சங்கத்திலேயே கிடக்கிறது. இறப்புச் சான்றிதழ் நகல், அவருடைய பாஸ்புத்தகம், வாரிசு நியமனம் யார் பெயரில் என்று கேட்டு ஒரு மனு, மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். பட்டியலைச் சரிசெய்யச் சொல்லி மற்றவர்களைக் கேட்கப் போகும் நீங்கள் உங்கள் வீட்டுப் பெயரிலிருந்தே தொடங்குவதுதான் முறை. மனுவின் நகலில் தேதியோடு சங்க முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.